எட்ட இருந்து பயின்ற இசை

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, விஜயபுரம் என்னும் ஊர் இருக்கிறது. நகரியும் திருத்தணியும் அதற்கு அண்மையிலுள்ள ஊர்கள். 1960-ஆம் ஆண்டில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. விஜயபுரம் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே ஒழிய, வீட்டில் பேசும் தமிழையும் கோயிலில் ஒலிக்கும் மேளத்தையும் பிரிக்கவில்லை. இப்பகுதியில் இசையை முறையாகப் பயில விரும்பும் பிள்ளை வடக்கே திருப்பதியை நோக்குவது இயல்பு. அங்கே தேவஸ்தானத்தின் ஸ்ரீ வேங்கடேசுவரா இசை நடனக் கல்லூரி 1959 முதல் நடைபெற்று வருகிறது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், கூச்சிப்பூடி முதலியன அங்கே கற்பிக்கப்படுகின்றன. நாகசுரத்துக்கும் தவிலுக்கும் தனியே ஒரு பள்ளியும் உண்டு.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோய் பரவியபோது இசைக்கல்விக்கு நேர்ந்தது என்ன, அது எவ்வாறு உயிர் தரித்தது, பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் அதிலிருந்து அறிய வேண்டுவது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்பே கல்லூரிகள் அடைபட்டன. திருமலையில் பக்தர்களின் தரிசனமும் நின்றது. சரித்திர ஆசிரியர் ஒருவர் தம் பாடத்தை எழுதி அனுப்பிவிடலாம், மாணவன் படித்துக்கொள்வான். சங்கீத ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய பாடம் மூச்சிலும் செவியிலும் இருக்கிறது. இத்தொற்றோ மூச்சையே வழியாகக் கொண்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 2020 மார்ச்சு 10-ஆம் நாள், சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கூடிப் பாடிப் பழகினர். அவர்களுள் உறுதியாகவும் ஐயத்துக்கு இடமாகவும் நோய் கண்டவர்கள் 53 பேர், இருவர் இறந்தனர். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்பதை உலகத்துக்கு உணர்த்திய நிகழ்ச்சி இது. இந்நிலையில் பாட்டு வகுப்பைப் பூட்டியதில் குறை காண இடமில்லை.

பூட்டிய வகுப்பைக் கைப்பேசியில் திறக்க முயன்றார்கள். அங்கே எதிர்பாராத இடையூறுகள் இரண்டு தோன்றின. அவற்றைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

முதலாவது, சுருதி. காணொளி அழைப்புக்கான செயலிகள் மனிதர் பேசுவதற்கென்று அமைக்கப்பட்டவை. பேச்சு விட்டு விட்டு வரும். மின்விசிறியின் ஓசை விடாமல் வரும். ஆகவே, விடாமல் ஒரே நிலையில் ஒலிப்பதெல்லாம் இரைச்சல் என்று கொண்டு அச்செயலிகள் அதனை நீக்கிவிடுகின்றன. தம்பூராவின் வேலையோ விடாமல் ஒரே நிலையில் ஒலிப்பதுதான்! இசைக்கு ஆதாரமாகிய சுருதி, கருவியின் கணக்கில் களையப்பட வேண்டிய குப்பையாகிவிட்டது. பாடகர் நீட்டி நிறுத்திய சட்சமம்கூட நடுவில் தேய்ந்து மறைந்ததைக் கேட்டவர்கள் பலர். பின்னர் ஒலியை உள்ளது உள்ளபடி அனுப்பும் வசதி அச்செயலிகளில் சேர்க்கப்பட்டது. அதைத் தேடிக் கண்டுபிடித்து இயக்கக் கற்பதும் சங்கீதப் பாடத்தில் ஒரு பகுதியாயிற்று.

இரண்டாவது, தாளம். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மேடையில் பத்து மீட்டர் தள்ளி அமர்ந்த மிருதங்கக்காரரின் ஓசை நம் செவிக்கு எட்டுவதற்கு நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். அந்த அளவு வரையில் கலைஞர்கள் சமாளித்துக்கொள்வார்கள். இணையத்தின் வழியே செல்லும் குரலுக்கு ஒரு வழிக்கே எட்டில் ஒரு பங்கு நொடி ஆவது சாதாரணம். அப்படியானால் ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையே நாற்பது மீட்டருக்கு மேல் இடைவெளி என்று பொருள். ஆசிரியர் பாட, மாணவி அதைக் கேட்டு உடன் பாட, அக்குரல் திரும்பி வருவதற்குள் கால் நொடி கழிந்துவிடும். நொடிக்கு ஒரு தட்டு வைத்துச் சரளிவரிசையை மூன்றாம் காலத்தில் பாடினால், ஒரு தட்டுக்கு நான்கு சுரம். கால் நொடி என்பது ஒரு முழுச் சுரம். மாணவி பிழையின்றிப் பாடியும், ஆசிரியர் செவியில் அவள் ஒரு சுரம் பின்தங்கியவளாகவே தோன்றுவாள். இதில் யாரை யார் திருத்துவது?

இந்த இடையூறுகளுக்கிடையே இசை ஆசிரியர்களும் மாணவர்களும் பல வழிகளைக் கண்டார்கள். ஆசிரியர் ஓர் அடியைப் பாடி நிறுத்த, மாணவி அதைத் திருப்பிப் பாடும் பழைய முறை மீண்டும் முதன்மை பெற்றது. அதற்குத் தாமதம் தடையன்று. மாணவி தன் வீட்டிலேயே சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்து அனுப்ப, ஆசிரியர் ஆற அமரக் கேட்டுத் திருத்தம் சொல்லும் முறை பரவியது. தன் குரலைத் தானே பத்து முறை கேட்டுப் பிழை காணும் பழக்கம் அதனால் வந்தது. கூட்டாகப் பாட வேண்டிய இடத்தில், எல்லோரும் ஒரே சுருதியையும் ஒரே தாளத்தையும் காதில் மாட்டிக்கொண்டு தனித்தனியே பாட, அப்பதிவுகள் பின்னர் ஒன்று சேர்க்கப்பட்டன. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வேறு வழிகளையும் நாடின. ஸ்டான்போர்டில் பல ஆண்டு முன்பே உருவான ஜாக்டிரிப் என்னும் முறை, தாமதத்தைக் குறைத்து, ஒரே வட்டாரத்தில் உள்ளவர்களைச் சேர்ந்து வாசிக்க வைத்தது. ஊதுகருவிகளின் வாய்க்குத் துணியுறை மாட்டி, திறந்த வெளியில் இடைவெளி விட்டு நின்று பழகிய அமெரிக்கக் கல்லூரிக் குழுக்களும் உண்டு. கிளீவ்லாந்து நகரின் தியாகராஜ ஆராதனை 1978 முதல் நடப்பது. அதுவும் இணையத்துக்கு மாறியது. சென்னை மியூசிக் அகாடமியும் 2020 டிசம்பர் விழாவைச் சுருக்கி, இணையத்தின் வழியாகவே நடத்தியது.

திருமலையில் நடந்தது தனியே சொல்லத்தக்கது. 2020 ஜூன் மாதத்திலிருந்து நாதநீராஜன மேடையில் சுந்தரகாண்ட பாராயணம் நடைபெற்று, தேவஸ்தானத்தின் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. வேத பண்டிதர்கள் இடைவெளி விட்டு அமர்ந்து ஓத, வீடுகளில் இருந்தவர்கள் உடன் ஓதினார்கள். இங்கே தாமதம் ஓர் இடையூறாகவில்லை. ஏனெனில், வீட்டில் ஓதுபவரின் குரல் மேடைக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. ஒருவர் வழங்கப் பலர் கொள்ளும் கலைக்கு ஒளிபரப்பு நல்ல துணை. வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஒருவர்க்கொருவர் விடை சொல்லும் கலைக்குத்தான் அது போதவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பிரம்மோற்சவம் கோயிலுக்குள்ளேயே ஏகாந்தமாக நடைபெற்றது. வாகனங்கள் மாடவீதிக்கு வரவில்லை. வாகனத்துக்கு முன்னே ஆடிப் பாடிச் செல்லும் கோலாட்ட, பஜனைக் குழுக்களுக்கும் அவ்வாண்டு வீதி இல்லாமற் போயிற்று.

இங்கேதான் இப்பொருளின் கடினமான பகுதி வருகிறது. எல்லாக் கலையும் ஒரே அளவில் தப்பிப் பிழைக்கவில்லை. வீணை பயிலும் நகரத்து மாணவிக்குத் தனியறையும் நல்ல கைப்பேசியும் இருக்கலாம். நாகசுரம் பயிலும் சிற்றூர் இளைஞனுக்கு இரண்டும் அரிது. நாகசுரம் அறைக்குள் அடங்கும் வாத்தியமும் அன்று. கைப்பேசியின் சிறு ஒலிவாங்கி அதன் முழக்கத்தைத் தாங்காமல் சிதைத்துவிடும். அவனுடைய குடும்பத்தின் வருவாயோ கலியாண முகூர்த்தங்களையும் கோயில் திருவிழாக்களையும் நம்பியது. அந்தக் கோடையில் இரண்டும் இல்லை. சித்தூர்ச் சீமையின் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பதினெட்டு நாள் பாரதம் நடப்பது வழக்கம். பகலில் அரிகதை, இரவில் கூத்து, முடிவில் துரியோதனன் வதமும் தீமிதியும். ஊர் கூடினாலன்றி நடவாத கலை அது. கூடுவதே தடையாகிவிட்டபோது அதை எந்தச் செயலியில் ஏற்றுவது? டி. எம். கிருஷ்ணா அவர்களின் சுமனசா அறக்கட்டளை போன்றவை நலிந்த கலைஞர்களுக்கு நிதி திரட்டி உதவின. அது பசிக்கு மருந்தாயிற்று. பழகாமல் கழிந்த பருவத்தை எந்த நிதியும் திருப்பித் தராது.

திருமலைக்கே உரிய பழைய வரலாறு ஒன்று இதற்கு நல்ல விளக்கம். தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அவருடைய கீர்த்தனைகளை அவர் குடும்பத்தார் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலில் வைத்தனர். அக்காலத்துக்கு அதுவே மிகச் சிறந்த பதிவுக் கருவி. பல நூற்றாண்டு மறைந்து கிடந்த அவ்வேடுகள் இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டன. 12,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. சொல் இருந்தது, இராகத்தின் பெயர் இருந்தது, பாடும் மெட்டு மட்டும் இல்லை. அது செம்பில் பதியவில்லை. வாய்வழி வந்த சங்கிலி இடையில் அறுந்துவிட்டது. பின்னர் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பெரியோர் அரும்பாடுபட்டுப் புதிதாக மெட்டமைத்தமையால் அப்பாடல்கள் மீண்டும் மேடை ஏறின. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிக்கும் நமக்கு இது நன்கு விளங்கும். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பொருள் வந்து சேரும். சொன்னவரின் குரல் உடன் வருவதில்லை.

ஆகவே கருவியை இகழவும் வேண்டாம். அதனையே குருவாகக் கொள்ளவும் வேண்டாம். செப்பேடு இல்லையேல் அன்னமாசாரியாரின் சொல்லே நமக்கு எட்டியிராது. கைப்பேசி இல்லையேல் அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளின் சாதகம் அடியோடு நின்றிருக்கும். கருவி பொருளைக் காக்கும்; வழியைக் காப்பது அருகிருக்கும் ஆள்தான்.

தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. கொள்ளைநோய் தணிந்த பின்னும் நம் பிள்ளைகளிற் பலர் தொலைவிலுள்ள ஆசிரியரிடம் திரையின் வழியே பாட்டுப் பயில்கிறார்கள். முன்பு கிட்டாத ஆசிரியர் இப்போது கிட்டுகிறார். இது பெரும் பேறு. ஆனால் ஆண்டில் ஒரு விடுமுறையிலேனும் பிள்ளையை அந்த ஆசிரியரின் முன்னே கொண்டுபோய் உட்கார வையுங்கள். தம்பூராவின் அதிர்வு தரையில் பரவி முழங்காலில் தட்டுவதை அது உணரட்டும். நாம் வாழும் ஊரிலேயே மிருதங்கமோ வயலினோ பயிலும் மற்றொரு பிள்ளையைத் தேடி, வாரம் ஒரு மாலை இருவரையும் சேர்ந்து வாசிக்க வையுங்கள். தமிழ்ச் சங்கக் கட்டடங்களில் அதற்கு இடம் கிடைக்கும். வீட்டுக் கலியாணத்துக்கு ஒலிநாடா போதும் என்று எண்ணாமல், நாகசுரக் குழு ஒன்றை அழைத்து, உரிய ஊதியத்தை உரிய காலத்தில் கொடுங்கள். ஒரு முகூர்த்தத்தின் வருவாய் ஓர் இளைஞனை இன்னும் ஓர் ஆண்டு அந்த வாத்தியத்தோடு இருத்தும்.