அலுவலகச் சுவருக்கும் வேலை உண்டு

செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மூன்று கடவுளர்க்குக் கோயில் எடுத்ததை நம் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டுப் பாறையிலேயே பொறித்து வைத்தான் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். எதற்காக எழுந்தது என்பதைக் கட்டடமே சொல்வது நமக்குப் பழகிய வழக்கம். பழைய அரசு அலுவலகங்களைப் புதுப்பிக்கும்போது அதை ஏன் மறந்துவிடுகிறோம்? டைல்ஸ் போடுகிறோம், ஃபால்ஸ் சீலிங் அடிக்கிறோம். பணம் மிஞ்சினால் வாசலில் ஒரு மயிலோ தாமரையோ வரைகிறோம். அந்த மயில் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். அதுதான் அதன் குறை.

தில்லி ரிசர்வ் வங்கியின் வாசல் அப்படியல்ல. பொதுக் கட்டடங்கள் நம் கலைஞர்களுக்கு வேலை தர வேண்டும் என்றார் நேரு. அந்த எண்ணத்தை ஏற்ற வங்கி, சாந்திநிகேதன் சிற்பி ராம்கிங்கர் பைஜிடம் பணியை ஒப்படைத்தது. ஒருபுறம் பல்சக்கரமும் பணப்பையும் ஏந்திய யட்சன், மறுபுறம் பூவும் கதிர்க்கட்டும் ஏந்திய யட்சி. நாட்டின் பணம் தொழிலிலிருந்தும் உழவிலிருந்தும் வருகிறது என்பதை, படிக்கத் தெரியாதவரும் அங்கே நின்று பார்த்தால் புரிந்துகொள்வார். வேலை முடிய 1967 ஆகிவிட்டது. யட்சியின் ஆடையற்ற உடல் பற்றி மாநிலங்களவையில் கேள்வி எழுந்தது. வங்கி அசையவில்லை. அந்த உறுதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அது புதிதாக எழுந்த கட்டடம். ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில் என்ன செய்யலாம்? ஐ.டி.ஓ. பகுதியில், தில்லி காவல்துறையின் அன்றைய தலைமையகச் சுவரில் 2014-இல் சுமார் 150 அடி உயரத்துக்குக் காந்தியை வரைந்தார்கள் ஜெர்மானிய ஓவியர் ஹென்ட்ரிக் பைகிர்ஷும் நம் நாட்டு அன்பு வர்க்கியும். லத்தி ஏந்தும் துறையின் சுவரில் அகிம்சையின் முகம். தெருவில் போகிறவரைவிட உள்ளே வேலைக்குப் போகிறவரிடம் அது அதிகம் பேசியிருக்கும்.

சென்னை இந்திரா நகர் ரயில் நிலையத்து ஓவியம் இன்னும் நுட்பமானது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களை ஒதுக்கும் மனப்போக்குக்கு எதிராக எழுந்தது அது. ஏ-கில் என்ற ஓவியர் வரைந்த பெரிய பெரிய முகங்கள், எல்லாம் நாம் பஸ்ஸிலும் சந்தையிலும் காண்கிற முகங்கள். அவர்களில் தொற்றோடு வாழ்பவர்களும் உண்டு. யார் என்று தேடிப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. தேடியவருக்கே தன் தேடல் கூச்சமாகிவிடும். பத்து விழிப்புணர்வு வாசகங்கள் செய்யாததை அந்த முகங்கள் செய்கின்றன.

ஆனால் எண்ணம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, சுவரும் தாங்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. அதன் மேல் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தால், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் கொப்பளிக்கும். ஓவியமும் அதோடு உரியும். பனமலை தாளகிரீசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே உமையைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்த, பல்லவன் ராஜசிம்மன் காலத்து ஓவியம். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து ஒசிந்து நிற்கும் நிலை. நிறம் பல இடங்களில் போய்விட்டது. ஆனாலும் 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த முகச் சாய்வு பிழைத்திருக்கிறது.

ஆகவே கொத்தனாரும் ஓவியரும் முதல் நாளே ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். நம் பக்கத்துக் குயவர்கள் ஐயனாருக்குச் செய்யும் மண்குதிரையை அறியாதவர் இல்லை. வேளாண் அலுவலகம் ஒன்றைப் புதுப்பிக்கும்போது, கரும்பும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் ஏரிப்பாசனமும் சொல்லும் சுடுமண் பலகைகளை அந்தக் கைகளே செய்யட்டும். அதற்கான சுவரை வரைபடத்திலும், கூலியை எஸ்டிமேட்டிலும் முதலிலேயே குறித்துவிட வேண்டும். டெண்டர் போன பிறகு கேட்டால் மீண்டும் மயில்தான் கிடைக்கும்.