கழிவுநீரும் நமது கடமையும்



செலாயாங் வழியே ஓடும் பத்து ஆறு, கோம்பாக் ஆற்றிற் கலக்கின்றது. அது கோலாலம்பூர் ஜாமெக் பள்ளிவாசலருகே கிள்ளான் ஆற்றைச் சேர்கின்றது. ஆகவே, நாம் கால்வாயில் விடும் அழுக்கு நம்மோடு நின்றுவிடுவதில்லை.

கழிவுத்தொட்டியின் அடியிற் படியும் மலத்தில் ஒரு பகுதியையே நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. எஞ்சியது சேறாகத் தேங்கும். தொட்டி நிறைந்தால், நோய்க்கிருமிகள் நீரோடு வெளியேறும். அந்நீரில் விளையாடும் நம் சிறுவரை வயிற்றுப்போக்கும் டைபாய்டும் தாக்கக்கூடும். கிருமிநாசினியை மிகுதியாக ஊற்றினால் நுண்ணுயிர்கள் மடியும். சமையல் எண்ணெய் குழாயை அடைக்கும்.

ஈராண்டுக்கு ஒருமுறை சேற்றை அகற்றுதல் வேண்டும். 1994ஆம் ஆண்டு பணிதொடங்கிய இண்டா வாட்டர் நிறுவனம் இதனைச் செய்கின்றது. பல குடும்பங்களுக்குப் பொதுவான தொட்டியை எவரும் தமதெனக் கருதுவதில்லை. கடைசியாகச் சேறு அகற்றிய நாளை நிர்வாகத்திடம் கேட்டறிந்து, எல்லாரும் காணும்படி எழுதிவைப்போம்.