உரையாடல் குழுவில் போலீசுக்கு என்ன வேலை?

(மாணவர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாட்ஸ்அப் போன்ற உரையாடல் குழுக்களைக் கண்காணிக்க வேண்டும், எதை யார் முதலில் எழுதினார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று அரசு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. வதந்தி, வெறுப்பு, பெண்கள் மீதான வசை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டுகிறார்கள். அது பொய்யில்லை. அந்தக் குழுக்கள்ல நம்ம ஜனங்களைப் பத்தி என்னென்ன எழுதுறாங்கன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இடஒதுக்கீட்டைச் சொல்லி நக்கலடிக்கிறார்கள். ஒரு தலித் பெண் கருத்துச் சொன்னால் சாதியையும் உடம்பையும் சேர்த்தே இழிவுபடுத்துகிறார்கள். அதனால், 'போலீசு உள்ளே வரட்டுமே, நமக்கு நல்லதுதானே' என்று நம்மிலேயே சிலர் நினைக்கிறார்கள். அவர்களோடுதான் இன்றைக்குப் பேச விரும்புகிறேன்.

சாதி வசையைத் தண்டிக்கச் சட்டம் இல்லையா? இருக்கு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது எழுத்தாலோ பேச்சாலோ பகையைத் தூண்டுவது குற்றம் என்று 2015 திருத்தம் சேர்த்தது. இணையத்தில் பொதுவில் இழிவுபடுத்தினாலும் இச்சட்டம் பொருந்தும் என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு. கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அதிகாரிக்கு 4ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

சட்டம் முழுசா இருக்கு. ஆனா ஸ்டேஷனுக்குப் போனா என்ன நடக்குது? 'ஊர்ல ஒண்ணா இருக்கணும்ல, சமாதானமாப் போங்கப்பா' என்பார்கள். மீறி நின்றால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. இன்னும் மீறினால் நம்ம பையன் மேல ஒரு கவுண்டர் கேஸ். சொந்தப் பேரையும் படத்தையும் போட்டு எழுதுறவன் மேலேயே வழக்குப் பதியத் தயங்குகிற காவல்துறை, முகம் தெரியாதவனைத் தேடிப் பிடித்து நமக்கு நீதி வாங்கித் தருமா?

அதிகாரம் கையில் இருந்தபோது அது யார்மீது பாய்ந்தது என்று பாருங்கள். 2013 ஆகஸ்டில் உத்தரப்பிரதேசம் ராம்பூரில் தலித் எழுத்தாளர் கன்வல் பாரதி கைது செய்யப்பட்டார். மாநில அரசு ஓர் அதிகாரியைப் பணியிடைநீக்கம் செய்ததை முகநூலில் விமர்சித்ததுதான் அவர் செய்தது. சமூகங்களுக்கிடையே பகை மூட்டினார் என்று வழக்கு! வெறுப்பைத் தடுக்க வந்த பிரிவு விமர்சனத்தைப் பிடித்தது. இணையப் பேச்சைத் தண்டித்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. செத்துப்போன அந்தப் பிரிவில் அப்புறமும் வழக்குப் போட்டார்கள். 2021இல் நீதிமன்றமே அதைக் கேட்டு அதிர்ந்தது.

2018 ஏப்ரல் 2ஐ மறந்துவிடாதீர்கள். வன்கொடுமைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து நாடெங்கும் முழு அடைப்பு. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகத் தலித்துகள் வாழும் பஞ்சாபில், போராட்டம் தொடங்குவதற்கு முந்தைய மாலையே கைபேசி இணையத்தை நிறுத்தினார்கள். நம்ம ஆளுங்க பேசிக்கிட்டா அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை!

'வதந்தியால் மனிதர்கள் சாகிறார்களே' என்பார்கள். உண்மை. 2018 ஜூலை 1இல் மகாராஷ்டிரத்தின் ரெயின்பாடா கிராமத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி, நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஊராட்சி அலுவலகத்தில் அடைத்து அடித்தே கொன்றார்கள். ஆனால் அந்த வதந்தியை ஊர் ஏன் உடனே நம்பியது? ஊர் ஊராப் போறவன் திருடன்னு சொல்லிக்கொடுத்தது யாரு? 1871இல் அரசாங்கமே அனுப்பிய 'பார்வர்டு' அது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் அமலாகி, குறவர் உள்ளிட்ட பல சமூகங்களின் கைரேகையை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றியது. 1952இல் அது நாடு முழுவதும் நீங்கினாலும், ஸ்டேஷன்காரர் மனசிலிருந்து நீங்கவில்லை.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளைப் பாருங்கள். 50 லட்சம் பயனாளிகளுக்கு மேல் உள்ள செய்திச் சேவைகள், நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டித்தர வேண்டும் என்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு போனில் பூட்டப்படும் செய்தி மறு போனில்தான் திறக்கும். நடுவில் நிறுவனத்தாலும் படிக்க முடியாது. நாளைக்கு எந்தச் செய்தியைக் கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாதே! ஆகவே எல்லாருடைய எல்லாச் செய்தியிலும் அடையாளம் பதித்தாக வேண்டும். எல்லாருக்கும் கைரேகை எடுப்பது போலத்தான் இது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் இந்தியாவை விட்டே போவோம் என்று 2024 ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் சொன்னது. அந்தக் கம்பெனி நமக்குத் தோழன் இல்லை. அதற்கு அதன் வியாபாரம். நமக்கோ, நிலமீட்புக்கும் சாட்சிகளைப் பாதுகாக்கவும் சேரியிலிருந்து சேரிக்குப் பேசிக்கொள்ள ஒரு வழி வேண்டும்.

அப்படின்னா வசையைப் பொறுத்துக்கிட்டு இருக்கணுமா? கூடாது. திரையைப் படமெடுங்கள், தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரிய எடுங்கள். அந்தப் போனை அழிக்காமல் வையுங்கள். புகாரில் வன்கொடுமைச் சட்டப் பிரிவுகளை எழுதியே கொடுங்கள். பதியாவிட்டால் 4ஆம் பிரிவைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்தச் சொல்லுவோம். நம் பேச்சுக்குள் ஒட்டுக்கேட்க வரும் புது அதிகாரத்தை மறுப்போம். கண்காணிக்கப்பட வேண்டியது சேரியின் பேச்சல்ல, ஸ்டேஷனின் மௌனம்.

ஜெய்பீம்.