நான் வெட்டிய ஓரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பழக்கமில்லை. ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நம் நூலக மாடிப்படி அருகே 'அமைதி' என்ற தலைப்போடு ஒரு பூநாரைப் படம் தொங்குகிறதே, அது நான் எடுத்தது. 2010 டிசம்பரில் வார்டன் கண்ணில் படாமல் விடியற்காலையில் கிளம்பி, இரவல் கேமராவோடு பள்ளிக்கரணைக்குப் போய் எடுத்தேன். கல்லூரிப் போட்டியில் முதல் பரிசும் வாங்கியது.

போன மாதம் என் அறைத்தோழன் வீடு மாற்றும்போது ஒரு டிவிடி அகப்பட்டது. அன்று எடுத்தது முழுக்க, ரா ஃபைலாகவே இருந்தது. என்னிடம் இருந்ததை, கம்ப்யூட்டரில் இடமில்லை என்று அப்போதே அழித்துவிட்டேன். தம்பிகளே, ரா என்பது அரிசி. ஜேபெக் என்பது வடித்த சோறு. அந்தக் கேமராவின் ராவில் வெளிச்சத்துக்கு 4096 படிகள், ஜேபெக்கில் 256தான். சோற்றை மறுபடி அரிசியாக்க முடியுமா?

திறந்து பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. லேசாக ரோஜா நிறம் ஓடும் வெள்ளைப் பறவையை ரோஸ்மில்க் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன்! நிறத்தைக் குறைத்து, இருட்டான இடங்களைக் கொஞ்சம் தூக்கினேன். சேற்றுக் கட்டி என்று அன்று நினைத்ததெல்லாம் உள்ளான் குருவிகள். எண்ணினேன், 23.

அப்புறம் இடது ஓரம். மங்கலாகப் புகை. ஒரு குப்பை லாரி. சாக்கோடு குனிந்து பொறுக்கும் ஒரு அம்மாவின் முதுகு. பெருங்குடிக் குப்பைமேடு.

தெரியாமல் வெட்டினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதானே எடுத்தேன்! பரிசுக்கு அழகாக இருக்கணும் என்று தெரிந்தேதான் வெட்டினேன்.

இப்போதும் சபலம் வந்தது. இன்றைய மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கினால் லாரி போய், அந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். மணல் தூவியது போன்ற புள்ளிகளை அகற்றச் சொன்னால், அளவு மீறும்போது அதுவாகவே இல்லாத இறகுக் கோடுகளையும் வரைந்துவிடுகிறது. கை கூசியது. புள்ளிகளைப் பாதியோடு விட்டேன். ஓரத்தைத் தொடவில்லை.

அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2010-ல் அங்கே என்ன இருந்தது என்று நாளைக்கு ஒரு மாணவர் நம் நூலகத்தில் வந்து பார்த்தால், என் பரிசுப் படம் பொய்ச்சாட்சிதான் சொல்லும்.

அதனால் முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். பழையதைக் கழற்ற வேண்டாம், பக்கத்திலேயே மாட்டிக்கொள் என்று முதல்வர் அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆணி, சுத்தியல் என் பையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் ஏணியைப் பிடிக்க மட்டும் தம்பிகள் இரண்டு பேர் வரணும்.