கிணற்றடிக்கு வரவேண்டிய திணைக்களம்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



எங்கள் ஊர்களிலிருந்து அரசாங்கத்துக்குப் போகும் மனுக்களிலே தவறாது இடம்பெறும் கோரிக்கைகள் சில உண்டு. வைத்தியசாலைக்குப் புதிய கட்டிடம் வேண்டும். டாக்டர் ஒருவர் வேண்டும். அம்புலன்ஸ் வண்டி வேண்டும். அத்தனையும் நியாயமானவையே. அத்தகைய மனுக்கள் பலவற்றை நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால், “எங்கள் பகுதிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரை நியமியுங்கள், எங்கள் கிணறுகளை ஆண்டுதோறும் பரிசோதியுங்கள்” என்று எழுதித் தரும்படி எம்மிடம் வந்தவர்கள் மிகச் சிலரே.

இதற்குக் காரணம் உண்டு. வைத்தியசாலை கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே உயிர் பிழைத்தவன் ஊருக்கு வந்து சொல்கிறான். வராத காய்ச்சலைப் பற்றி எவன் வந்து சொல்வான்? சுகாதாரப் பகுதியின் வெற்றி, நடக்காமற்போன சாவுகளிலே இருக்கிறது. ஆகவேதான் வரவு செலவுத் திட்டம் வரையும்போது அதன் பங்கு முதலில் வெட்டப்படுகிறது. வெட்டியபின் கேட்பாரும் இல்லை.

இலங்கையிலே இப் பணி ஒழுங்கான வடிவம் பெற்றது 1926ஆம் ஆண்டு களுத்துறையில் நிறுவப்பெற்ற சுகாதாரப் பிரிவினால். சுகாதார வைத்திய அதிகாரி ஒருவர், அவரின் கீழ்ப் பரிசோதகர்களும் மருத்துவமாதர்களும் என்ற அந்த அமைப்பே பின்னர் நாடெங்கும் பரவிற்று. அது எவ்வாறு இயங்குகிறது என்பதை நம்மிற் படித்தவர்களும் அறியார். நெருப்புக் காய்ச்சலோ டெங்கோ கண்ட நோயாளி ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தால், 544 என்ற இலக்கமிட்ட ஓர் அறிவித்தற் பத்திரம் அவர் வசிக்கும் பகுதிச் சுகாதார அதிகாரிக்குப் போகவேண்டும். அதனைக் கொண்டு பரிசோதகர் அந்த வீட்டுக்குச் செல்கிறார். கிணற்றைப் பார்க்கிறார், குழியைப் பார்க்கிறார், அயல்வீட்டில் வேறெவருக்கும் காய்ச்சல் உண்டா என்று விசாரிக்கிறார். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் இவ்வறிவித்தலை வைத்தியரின் கடமையாக்கியிருக்கிறது. பரிசோதகர் பதவி வெறிதாகக் கிடந்தால் அந்தப் பத்திரம் மேசையிலே உறங்கும், நோய் உறங்காது.

இதனை மலேரியாவின் கதையைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துவது வேறொன்றில்லை. 1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. கேகாலையிலும் குருநாகலிலும் வீடு வீடாகச் சாவு விழுந்தது. 1935 முடியுமுன் ஏறத்தாழ 80,000 உயிர்கள் பறிபோயின. 1946இல் நாடெங்கும் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கிற்று. 1963இல் முழு இலங்கையிலும் பதிவான மலேரியா நோயாளர் எத்தனை பேர் தெரியுமா? 17 பேர்! நோய் ஒழிந்தது என்று எண்ணினார்கள். தெளிப்பு நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பதினேழை ஐந்து இலட்சமாக்குவதற்கு ஆறே ஆண்டுகள் போதுமானவையாயின.

மீண்டும் அந்த நோயை வெல்ல அரை நூற்றாண்டு பிடித்தது. இந்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளர் கண்டறியப்பட்டது 2012 ஒக்டோபரில். உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது 2016இல். இதற்கிடையிலே ஒரு நீண்ட போர் நடந்தது என்பதை மறந்துவிடலாகாது. இரத்தப் பூச்சு எடுத்தவர்களும், சொட்டு மருந்து கொடுப்பதற்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்களிலே குழந்தைகளைத் தேடி நடந்தவர்களும் எங்கள் மண்ணிலே வேலை செய்த சாதாரண ஊழியர்களே. அவர்களுக்கு எந்தச் சந்தியிலும் சிலை இல்லை.

அண்மைய சம்பவம் ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். 2024 நவம்பர் இறுதியிற் கொட்டிய பெருமழைக்குப் பின், டிசெம்பரிலே யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று பீதி பரவிற்று. சில நாட்களுக்குள் உயிர்கள் சில போயின. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. நீர் நின்ற வயலிலும் வாய்க்காலிலும் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கப்பட்டது. மிக மலிவான மாத்திரை அது. விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்னர் அதை வயற்கரைக்குக் கொண்டுவர ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதனைத்தான் நாம் கேட்கிறோம்.

இனி, எங்கள் கிணறுகளுக்கு வருவோம். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லிலே இறங்கித் தேங்குவதுதான் எமக்குள்ள ஒரே செல்வம். அக் கல் மழைநீரை இறக்கும் வேகத்திலேயே மற்றவற்றையும் இறக்கும். தோட்டத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இட்ட யூரியா, மாட்டெரு, கொல்லைப்புறத்துக் கக்கூசுக் குழியின் கசிவு ஆகிய யாவும் ஒரே நீரிலே கலக்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிக்கிராமை மேவக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதனை மேவியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மார் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்றும் அளவுக்கு அது செறிவடையும்.

கமக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இங்கு வரவில்லை. உரத்தை இடு என்று சொன்ன திணைக்களம் ஒன்று. அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்திருக்க வேண்டிய திணைக்களம் இன்னொன்று. இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து பேசாமைக்குக் கமக்காரன் எவ்வாறு பொறுப்பாவான்?

சுன்னாகத்தை நீங்கள் அறிவீர்கள். மின்நிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கிலே, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது. மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி நிலைநாட்டப்பட்டது. சட்டத் தொழில் செய்வோர் என்ற வகையில் அத் தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். ஆயினும், தீர்ப்பு வந்ததனாற் கிணற்று நீர் தெளிந்துவிடுவதில்லை. நீதிமன்றம் வைத்தியசாலையைப் போன்றது. கேடு நடந்தபின்னரே அதன் கதவைத் தட்டுகிறோம்.

பொதுச் சுகாதாரம், உணவுச் சுகாதாரம், சுற்றாடற் சுகாதாரம் ஆகியவை யாருடைய அதிகாரம்? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் இவற்றை மாகாணத்துக்கு எழுதி வைத்திருக்கிறது. போதனா வைத்தியசாலை மத்திக்கு, கிணற்றடி மாகாணத்துக்கு. ஆனால் பணமும் பரிசோதகர் நியமனமும் கொழும்பை நோக்கியே நிற்கின்றன. 2013இல் நாம் தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆளுநரின் ஆட்சியிலே ஆண்டுகள் கழிந்தன. சபையிலே கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாதபோது திணைக்களம் யாருக்குப் பதில் சொல்லும்? மாகாண அதிகாரம் என்றதும் காணியையும் பொலிசையும் மட்டும் பேசிப் பழகிவிட்டோம். தண்ணீரும் அதற்குள்ளேதான் இருக்கிறது. சபை இருந்த காலத்திலும் இதனைப் போதிய அளவு பேசினார்கள் என்று எம்மாற் சொல்ல முடியாது.

ஆகவே, நாம் அனுப்பவிருக்கும் மனுவிலே கட்டிடம் ஒன்றும் இல்லை. வெறிதாயுள்ள பரிசோதகர், மருத்துவமாது பதவிகளை நிரப்புக. பொதுக் கிணறுகளையும், விண்ணப்பிக்கும் வீட்டாரின் கிணறுகளையும் மாரிக்கு முன்னும் பின்னுமாக ஆண்டில் இருமுறை பரிசோதிக்க. முடிவைக் கமக்காரனுக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கிராம அலுவலர் பணிமனையில் ஒட்டுக. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். எனவே தமிழில் எழுத முடியாது என்ற சாக்கு எம்மிடம் செல்லாது.

கூட்டம் கலையும்போது வாயிலில் ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் கிணற்றுக்கும் கக்கூசுக் குழிக்கும் இடையே எத்தனை அடி, கிணற்று நீர் கடைசியாக எந்த ஆண்டு பரிசோதிக்கப்பட்டது என்ற இரண்டையும் பெயருடன் எழுதுங்கள். பரிசோதிக்கப்படவே இல்லையாயின் அதனையும் எழுதுங்கள். அக் கொப்பியை மனுவுடன் இணைத்து, மழை தொடங்குமுன் மாகாணச் சுகாதாரப் பணிப்பாளரிடம் நேரிற் கையளிப்போம்.