கண்ணில்லாத வண்டுக்கு ஒரு பெயர்

(இணையவழி இலக்கியச் சந்திப்பு ஒன்றில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே பெர்த்தில் இரவு ஆகிவிட்டது. காலைக் காப்பியோடு கனடாவிலிருந்தும், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு லண்டனிலிருந்தும் இணைந்திருப்பவர்களுக்கும் என் வணக்கம்.

‘விவரிப்பு’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். கதையில் வரும் விவரிப்பைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வேறொரு விவரிப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். இதுவரை யாரும் அறியாத ஓர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு, அது எப்படி இருக்கிறது என்று உலகத்தில் முதல்முறையாக எழுதுவது. நான் எடுத்துக்கொண்ட உதாரணம், நான் வாழும் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீர்வண்டுகள். அரிசி மணியைவிடச் சிறியவை. கண் இல்லாதவை.

நான் உயிரியல் படித்தவள் அல்ல. செவிலியர் பட்டயப் படிப்பு படித்தவள். சில ஆண்டுகள் இந்த மாநிலத்தின் தங்கவயல் பகுதியில், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். சிவந்த மண், முல்கா புதர், மழை எப்போதாவது. வார்டுக்கு வருகிறவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவர்தான், தாங்கள் துளை போட்ட இடத்தில் மியூசியத்துக்காரர்கள் வந்து வலை விட்டுப் பூச்சி பிடிப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். பாலைவனத்தில் வலையா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதிக்கு யில்கார்ன் என்று பெயர். மிகப் பழைய நிலம். ஒரு காலத்தில் ஆறுகள் ஓடிய தடங்கள் இன்று உப்பு ஏரிகளாகக் கிடக்கின்றன. அந்தத் தடங்களை ஒட்டி, நிலத்தடி நீரிலிருந்து சுண்ணாம்பு படிந்து படிந்து பாறையாகியிருக்கிறது. கால்கிரீட் என்பார்கள். நம் ஊரில் சுக்கான்பாறை என்கிறோமே, அந்த வகைதான். பாறை முழுக்கப் பொந்தும் இடுக்கும். மேலே வெயில் கொளுத்தும்போது, சில மீட்டர் ஆழத்திலேயே அந்த இடுக்குகளில் தண்ணீர் நிற்கிறது. ஒரு சுக்கான்பாறைக்கும் அடுத்ததற்கும் நடுவே, இந்தப் பூச்சிகள் கடக்க முடியாத களிமண்ணும் வண்டலும். ஆகவே ஒவ்வொரு பாறையும் ஒரு தீவு. இவற்றை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஒரு கட்டுரைக்குப் பாலைவனத்துக்கு அடியில் தீவுகள் என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார்கள்.

இந்தத் தீவுகளில் நீர்வண்டுகள் எப்படி வந்தன? இவை டைடிஸ்கிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் 4000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம். கிணற்றிலும் குளத்திலும் நீங்களே பார்த்திருப்பீர்கள். வண்டு மேலே வந்து பின்பக்கத்தை நீருக்கு வெளியே நீட்டும். இறக்கை மூடிக்கு அடியில் காற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி முங்கும். ஆஸ்திரேலியா மெல்ல மெல்ல வறண்டபோது, குளங்கள் வற்றின. சில வண்டுகள் தண்ணீரைத் தொடர்ந்து கீழே போயின. டி.என்.ஏ.வை வைத்துக் கணித்த ஆய்வு, பெரும்பாலும் 87 லட்சம் முதல் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்தது என்கிறது. வடக்கே முதலிலும் தெற்கே பிந்தியும் நடந்திருக்கிறது. வறட்சி பரவிய வழியிலேயே வண்டுகளும் கீழே இறங்கியிருக்கின்றன.

கீழே போன பிறகு கண் தேவைப்படவில்லை, போய்விட்டது. பறக்கவும் இடமில்லை, பறக்கும் இறக்கையும் போய்விட்டது. நிறம் வெளிறிவிட்டது. பொந்துக்குள் காற்றுக்காக மேலே வர முடியாதே, எப்படி மூச்சு விடுகிறது? 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைக் கண்டுபிடித்தது. தோல் வழியாகவே தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆனால் உடல் பெரிதானால் தோல் மட்டும் போதாது. இந்த வண்டுகள் 5 மில்லிமீட்டருக்கு மேல் வளராமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இனி விவரிப்புக்கு வருகிறேன். 1999-இல் அடிலெய்டில் உள்ள தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிறிஸ் வாட்ஸும், பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் ஹம்ஃப்ரீஸும் ஆஸ்திரேலிய நிலத்தடி நீரிலிருந்து 5 புதிய இனங்களை விவரித்தார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து எழுதினார்கள். 2009-இல் வந்த ஒரே கட்டுரையில் 14 இனங்கள். இன்று எண்ணிக்கை நூறை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலும் ஒவ்வோர் இனமும் ஒரே ஒரு சுக்கான்பாறைக்குள் மட்டும் வாழ்வது. உலகத்தில் வேறெங்கும் இல்லை.

அந்த விவரிப்புகளை வாசித்துப் பாருங்கள். ஒரு சொல்கூட வியப்பு இருக்காது. நீளம் இவ்வளவு. உடல் நீள்வட்டம், நடுவில் சற்றுத் தட்டை. நிறம் வெளிர் செம்பழுப்பு. கண் இருந்த இடத்தில் ஒரு கோடு. உணர்கொம்பில் எந்தக் கணு தடித்திருக்கிறது. பின்காலில் நீந்தும் மயிர் எங்கே தொடங்குகிறது. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு பக்கவாட்டில் எப்படி வளைகிறது. கடைசியாகச் சொன்னதுதான் பல சமயம் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. நான் செவிலி என்பதால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் நர்ஸிங் ஸ்கூல் டியூட்டர் நினைவுக்கு வந்தார். கேஸ் ஷீட்டில் ‘புண் பரவாயில்லை’ என்று எழுதினால் அடித்துவிடுவார். எத்தனை சென்டிமீட்டர், ஓரம் சிவந்திருக்கிறதா, நீர் வடிகிறதா, என்ன நிறம், வாடை உண்டா? இதை எழுது. பரவாயில்லையா இல்லையா என்பதை அடுத்த ஷிஃப்டில் வருகிறவள் பார்த்துக்கொள்வாள் என்பார். உன்னை அறியாத ஒருவர், நீ இல்லாத நேரத்தில், நீ எழுதியதை வைத்து அதே புண்ணை அடையாளம் காண வேண்டும். வண்டின் விவரிப்பும் அதைத்தான் செய்கிறது. நூறு ஆண்டு கழித்து வரும் ஒருவர், எழுதியவர் உயிரோடு இல்லாதபோது, அதே வண்டை அடையாளம் காண வேண்டும். அதில் ஒரு பகுதிக்கு டயக்னோசிஸ் என்றே பெயர். எங்களுக்கு அது நோயைக் கண்டறிவது; அவர்களுக்கு, இது மற்றவற்றிலிருந்து எதனால் வேறு என்று சொல்வது.

விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கு உலகப் பொதுவான சட்டநூல் ஒன்று இருக்கிறது. லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூலிலிருந்து கணக்கு தொடங்குகிறது. வெறும் பெயரை அச்சிட்டால் அது செல்லாது. கூடவே விவரிப்பு இருக்க வேண்டும். விவரிப்பு இல்லாத பெயரை லத்தீனில் ‘அம்மணப் பெயர்’ என்று அழைக்கிறார்கள். 1999-க்குப் பிறகு வைக்கும் பெயர்களுக்கு, எந்த உடலைப் பார்த்து எழுதினாயோ அந்த உடலையும் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். அது ஒரு அருங்காட்சியகத்தில் சீட்டுக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம் என்பது தமிழ் வாசகருக்குப் புரியும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரைச் சொல்கிறார். கேட்கவே மணக்கிறது. ஆனால் அவற்றில் சில எந்தச் செடியின் பூ என்பதில் இன்றும் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. பெயர் வந்து சேர்ந்துவிட்டது. பூ வழியில் எங்கோ கைநழுவிவிட்டது. கவிஞரைக் குறை சொல்லவில்லை. அவர் வேலை அது அல்ல. பெயர் மட்டும் இருந்தால் பொருள் தொலையக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கிறிஸ்தவள். ஆதியாகமத்தில் ஆதாம் பெயர் வைக்கும் பகுதியைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். அண்மையில் அதை மறுபடி நிதானமாக வாசித்தேன். அவன் மிருகங்களுக்குப் பெயர் வைக்கிறான், பறவைகளுக்குப் பெயர் வைக்கிறான். நீரில் வாழ்பவை அந்த இடத்தில் சொல்லப்படவில்லை. அந்த வேலை மீதமிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

விவரித்த பிறகு வகைப்படுத்த வேண்டும். அதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. முதலில் இந்தக் கண்ணில்லாத வண்டுகளுக்காகத் தனிப் பேரினங்களையே உருவாக்கினார்கள். நிர்ரிடெஸ்ஸஸ் என்பது அவற்றில் ஒன்று. கண்ணும் இல்லை, இறக்கையும் இல்லை, நிறமும் இல்லை, எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று யாருக்கும் தோன்றும். டி.என்.ஏ. வேறு கதை சொன்னது. ஒரு பாறையில் இருக்கும் வண்டுக்கு நெருங்கிய உறவு, தொலைவில் இருக்கும் இன்னொரு குருட்டு வண்டு அல்ல. பல சமயம் அதே பாறையில் கூட இருக்கும் வண்டுதான். வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில், தனித்தனியாகக் கண்ணை இழந்திருக்கின்றன. 2004-இல் நிர்ரிடெஸ்ஸஸ் என்ற பேரினத்தை எடுத்துவிட்டு, மேலே வெயிலில் நீந்தும் கண்ணுள்ள உறவினர்களோடு லிம்போடெஸ்ஸஸ் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். இழந்ததை வைத்து ஒருவரை வகைப்படுத்தினால் தப்பாகத்தான் போகும் என்று அதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். வார்டிலும் அது உதவுகிறது.

லியோனோரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஸ்டர்ட் மெடோஸ் என்று ஒரு கால்நடைப் பண்ணை. அதன் அடியிலுள்ள ஒரே பாறையில் பாரோஸ்டர் பேரினத்தைச் சேர்ந்த மூன்று சகோதர இனங்கள் வாழ்கின்றன. பெரியது மாக்ரோஸ்டர்டென்சிஸ், நடுவிலது மெஸோஸ்டர்டென்சிஸ், சின்னது மைக்ரோஸ்டர்டென்சிஸ். பெயரிலேயே உருவமும் ஊரும் இருக்கின்றன. மூன்று பிள்ளைகளுக்குப் பெரியவன், நடுவிலான், சின்னவன் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற வீடு மாதிரி. பார்வைக்கான ஒரு மரபணுவைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, இப்படிப்பட்ட சகோதர இனங்கள் சிலவற்றில் ஒரே இடத்தில் ஒரே சிதைவு இருப்பது தெரிந்தது. அதாவது கண் போனது ஒரு முன்னோருக்கு. பிள்ளைகள் பிரிந்தது அதற்குப் பிறகு, இருட்டுக்குள்ளேயே.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். இந்த வண்டுகளைப் பார்க்க முடிந்ததே பெரும்பாலும் சுரங்க நிறுவனங்கள் கனிமம் தேடிப் போட்ட துளைகள் வழியாகத்தான். வலையை எடை கட்டி இறக்கி, அடியில் கலக்கி, மேலே இழுக்கிறார்கள். அதே சுரங்கங்களுக்குத்தான் அந்தப் பாறைக்குள் இருக்கும் தண்ணீரும் வேண்டும். தண்ணீரை இறைத்தால் தீவு வற்றும். அந்த ஒரு தீவில் மட்டும் வாழும் இனத்துக்கு வேறு ஊர் இல்லை.

அதனால் இங்கே சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டால், நிலத்தடி உயிரினங்களைக் கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். அந்த அறிக்கைகளில் இன்னும் விவரிக்கப்படாத உயிர்களுக்கு ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கும். அவசரப் பிரிவில் சுயநினைவில்லாமல் வருகிறவருக்கு, உறவினர் வரும்வரை நாங்கள் ஓர் எண் கொடுப்போம். சிகிச்சை குறையாது. ஆனால் எண்ணைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

விலூனாவுக்குத் தென்மேற்கே யீலிரி என்னும் இடத்தில் யுரேனியச் சுரங்கம் தோண்டத் திட்டம் வந்தது. 2016-இல் மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் அதை அனுமதிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. காரணம், அந்தச் சுக்கான்பாறைக்குள் வாழும் மிகச் சிறிய உயிர்கள் அழிந்துபோகும் ஆபத்து. 2017 ஜனவரியில் மாநில அமைச்சர் அந்தப் பரிந்துரையை மீறி அனுமதி கொடுத்தார். அந்த நிலத்தின் பூர்வகுடிகளான ஜிவார்ல் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பும் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். ஐந்தாண்டுக்குள் வேலை தொடங்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. தொடங்கவில்லை. கால நீட்டிப்பு கேட்டபோது மாநில அரசு மறுத்துவிட்டது.

பெயர் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. விவரம் முழுவதும் மேசைமேல் இருக்கும்போதே அமைச்சர் கையெழுத்துப் போட முடிந்தது. ஆனால் அவர் எதன்மேல் கையெழுத்துப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரோ ஒருவர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, காலில் மயிர் எங்கே தொடங்குகிறது என்று எழுதி வைத்ததால்தான் அப்படி ஒரு வழக்கே போட முடிந்தது. எழுதப்படாமல் அழிகிற உயிருக்கு அழிந்தது என்ற செய்திகூடக் கிடையாது.

எழுதுகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாம் புலம்பெயர்ந்த இடங்களில் பலரைப் பற்றி எழுதுகிறோம். பாவம், நல்லவர், கஷ்டப்பட்டார் என்று சீக்கிரம் எழுதிவிடுகிறோம். அந்த வண்டுக்குக் கிடைத்த கவனம் நம் கதையில் வரும் மனிதருக்கும் கிடைக்கட்டும். முதலில் பார்த்ததை எழுதுவோம். இரக்கத்தை வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.