குழந்தைக்குப் பால் கொடுக்க யாரிடமும் கெஞ்ச வேண்டாம்!

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி ஆம்பூர் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று விடியறதுக்கு முன்னாடியே சோறு கட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடிச்சு, ஷூ கம்பெனி மெஷின் முன்னாடி உட்கார்கிற உங்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

நானும் அந்த மெஷினில் உட்கார்ந்தவள்தான். மூத்தவன் பிறந்த நாலாம் மாசமே வேலைக்குப் போனேன். மதியத்துக்குள்ள பால் கட்டிக்கும், சுடிதார் நனையும். துப்பட்டாவால மூடிக்கிட்டுப் போய், பாத்ரூம்ல பாலைப் பீச்சிக் கொட்டிட்டு வருவேன். அதே நேரம் ஊர்ல எங்கம்மா அவனுக்குப் பவுடர் பால் கரைச்சுக்கிட்டு இருப்பாங்க. அன்னைக்கு எனக்குச் சட்டம் தெரியாது. இன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சாகணும்.

1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் 2 முறை பாலூட்ட இடைவேளை உண்டு. 2017 திருத்தம், முதல் 2 குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு தந்தது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா தினமும் 4 முறை அங்கே போய் வரலாம் என்றும் சொன்னது. 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் இருக்கின்றன.

இதில் ஒரு கணக்கு பாருங்க. பிரசவத்துக்கு முன்னாடியே 8 வாரம் எடுத்துட்டா, மிச்சம் 18 வாரம்தான். அதாவது நாலு மாசம் சொச்சம். டாக்டர்கள் சொல்றதோ, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணி எதுவும் கூடாது. இடையில் விழுகிற அந்த இரண்டு மாசத்தை நிரப்பத்தான் காப்பகமும் இடைவேளையும். ஆனா விடிகாலை பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏற இடமில்லைன்னா, காப்பகக் கதவு திறந்திருந்து என்ன பயன்?

அதுவரை நீங்க செய்ய முடிஞ்சது இது: சுத்தமான கையால் பாலைப் பீச்சி, மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வையுங்க, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துடுங்க. அடுப்பில் கொதிக்க வைக்காதீங்க. சுடுதண்ணியில் பாத்திரத்தை வச்சு வெதுவெதுப்பாக்கி, பாலாடையில் கொடுங்க. நம்ம வேலூர் வெயிலில் வெளியே வச்ச பாலை நம்பாதீங்க. குழந்தையை மல்லாத்தித் தூங்க வையுங்க. பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமா வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காதீங்க, உடனே 108-ஐ அழையுங்க.

வீட்டிலேயே ஜோடிக் கணக்குக் கூலிக்கு ஷூ மேல்பாகம் தைக்கிற அக்காங்களை நான் மறக்கல. ஊசியும் பசையும் தவழ்கிற குழந்தையின் கைக்கு எட்டாம பார்த்துக்கோங்க. உங்களுக்குக் கம்பெனியும் இல்ல, காப்பகமும் இல்ல, விடுப்புச் சம்பளமும் இல்ல. உங்க கையால் தைத்த ஷூ கடல் தாண்டிப் போகுது; சட்டம் மட்டும் உங்க வாசலைத் தாண்டி வரல.

அதனால் நம்ம கோரிக்கை மூன்று. கம்பெனி பஸ்ஸில் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு இருக்கை. கம்பெனிக்குள் பாலூட்ட, பால் பீச்ச, கதவு சாத்தும் ஒரு அறை. வீட்டில் தைக்கும் தாய்மாருக்கும் மகப்பேறு உதவித்தொகை, தெருவுக்குப் பக்கத்தில் காப்பகம்.

2015-ல் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்துக்கே அறை உண்டு என்றால், எட்டு மணி நேரம் உழைக்கிற இடத்தில் ஏன் கூடாது?

நாளைக்கே நாலு பேராகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்க. தனியாகக் கேட்கப் பயமா இருந்தா எங்களைக் கூப்பிடுங்க, கூட வந்து நிற்போம்.



#தாய்ப்பால்_வாரம் #ஆம்பூர்